யுரேனியத்தின் கதை – 14: எட்டு மூலை வளையம்

க்ளென் சீபோர்க் தனிம வரிசை அட்டவணையின் அடியில் இன்னொரு வரிசையைச் சேர்த்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். டங்ஸ்டனுக்குக் கீழே மெண்டலீவ் உட்கார வைத்திருந்த யுரேனியம், 1945க்குப் பிறகு லாந்தனைடுகளுக்கு அடியில் ஆக்டினைடு என்ற புதுக் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தது. இடம் மாறியதோடு வழக்கு முடிந்துவிடவில்லை.

லாந்தனைடுகளில் 4எஃப் எலக்ட்ரான்கள் அணுவின் உட்புறத்தில் ஒதுங்கிக் கிடப்பவை. பக்கத்தில் எந்த அணு வந்து நின்றாலும் அவை கண்டுகொள்வதில்லை. அதனால்தான் அந்தத் தனிமங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல நடந்துகொள்கின்றன. பிரித்தெடுக்கப் போனால் உயிரை வாங்குகின்றன. யுரேனியத்தின் 5எஃப் எலக்ட்ரான்களும் அதே சாதிதானா? பெரும்பாலான லாந்தனைடுகள் +3 என்ற ஒரே ஆக்சிஜனேற்ற நிலையோடு திருப்தி அடைந்துவிடும்போது, யுரேனியம் +3 முதல் +6 வரை நான்கிலும் சேர்மம் தருகிறது. அப்படியானால் அதன் 5எஃப் எலக்ட்ரான்கள் அவ்வளவு ஒதுங்கியவை இல்லை என்று தோன்றும். ஆனால் அணுவை விட்டு எலக்ட்ரான் போய்விடுவது ஒன்று. அணுவிலேயே இருந்துகொண்டு அண்டை அணுவோடு கைகோத்துப் பிணைப்பில் பங்கெடுப்பது வேறொன்று. முதலாவதை உப்புகளே காட்டிவிடும். இரண்டாவதை யார் காட்டுவது?

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்தவர்களின் கதைதான் இந்த இதழில். அதில் பாதிப் பேர் வேறு எதையோ தேடிப் போனவர்கள்.

போர்க்காலத்தில் தேடியது ஆவியாகும் யுரேனியத்தை. யுரேனியம் 235ஐ 238இலிருந்து வாயு ஊடுபரவல் முறையில் பிரிக்க, யுரேனியம் வாயுவாக இருந்தாக வேண்டும். கையில் இருந்தது யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு ஒன்றே. 56.5 டிகிரி செல்சியஸில் உருகாமலேயே ஆவியாகும் வெள்ளைத் திண்மம். குணம் மட்டும் மகா மோசம். துளி ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கிளம்பும். குழாய், வால்வு, எண்ணெய் எதையும் விட்டுவைக்காது. இதைவிடச் சாதுவான ஆவியாகும் சேர்மம் ஏதும் கிடைக்காதா என்று பல ஆய்வகங்களில் ஆள் போட்டுத் தேடினார்கள்.

அயோவா மாநிலக் கல்லூரியில் இருந்த ஹென்றி கில்மன் அப்படித் தேடியவர்களில் ஒருவர். கரிம உலோகச் சேர்மங்களில் அமெரிக்காவில் அவரை மிஞ்ச ஆள் இல்லாத காலம். காரீயத்தோடு நான்கு எத்தில் தொகுதிகள் சேர்ந்தால் டெட்ராஎத்தில் லெட், பெட்ரோலில் கலந்த எளிதில் ஆவியாகும் திரவம். காரீயத்தால் முடிந்தது யுரேனியத்தால் முடியாதா? கில்மன் குழு செய்து பார்த்த வழிகள் ஒன்றும் பலிக்கவில்லை. யுரேனியத்துக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு உண்டாகி நிலைப்பதற்குள் சேர்மம் சிதைந்துபோனது. ஆக்சிஜன் வழியாகவோ நைட்ரஜன் வழியாகவோ கரிமத் தொகுதியைக் கோத்தபோது மட்டும் சேர்மங்கள் நின்றன. போர்க்கால வேலையான இவையெல்லாம் 1956இல்தான் அச்சுக்கு வந்தன. இதற்கிடையில் 1947இல் கில்மனுக்குப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. மனைவி ரூத்தும் மாணவர்களும் படித்துக் காட்ட, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆய்வகத்தை நடத்தினார் மனிதர்.

சிகாகோவில் ஹெர்மன் ஷ்லெசிங்கரும் இளைஞர் ஹெர்பர்ட் பிரவுனும் போரானைப் பிடித்துக்கொண்டார்கள். யுரேனியம் போரோஹைட்ரைடு ஆவியாகவும் செய்தது. ஆனால் அதற்குள் ஹெக்ஸாஃபுளோரைடை அடக்கி ஆளும் வழி தெரிந்துவிட்டதால் ராணுவத்துக்கு அது வேண்டாததாகிவிட்டது. அந்த வேலையின் கிளையாகப் பிறந்த சோடியம் போரோஹைட்ரைடு இன்று எல்லாக் கரிம வேதியியல் ஆய்வகத்திலும் அலமாரியில் இருக்கிறது. போரான் சேர்மங்களுக்காக 1979இல் பிரவுனுக்கு நோபல் பரிசும் வந்தது. யுரேனியம் போரோஹைட்ரைடின் படிக அமைப்பு வெளியானது 1972இல்தான். ஒரே யுரேனிய அணுவைச் சுற்றி 14 ஹைட்ரஜன்கள்! இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யுரேனியம் பருத்த அணு. அதைச் சுற்றி இடம் நிறைய. உலோகத்தைச் சுற்றி ஒட்டும் தொகுதிகளான ஈனிகளால் அந்த இடத்தை அடைக்காவிட்டால், ஒட்டியிருக்கும் கரிமத் தொகுதியின் ஹைட்ரஜனே அந்தக் காலி இடத்துக்குத் தாவி, பிணைப்பை உடைத்துவிடும். கில்மனின் சேர்மங்கள் நிற்காமல் போனதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய கைத்திறனில் குறை இல்லை.

அடுத்த திருப்பம் இரும்பிலிருந்து வந்தது. 1951இல் ஃபெர்ரோசீன் என்ற ஆரஞ்சுப் பொடி வெளிச்சத்துக்கு வந்தது. மறு ஆண்டே அதன் வடிவத்தை ஹார்வர்டில் வில்கின்சனும் உட்வர்டும், மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷரும் தனித்தனியே சொல்லிவிட்டார்கள். ஐந்து கார்பன்கள் கொண்ட தட்டையான வளையம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரும்பு. சாண்ட்விச் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதில் இரும்பு எந்த ஒரு கார்பனோடும் தனியாக உறவு வைத்துக்கொள்வதில்லை. வளையம் முழுவதும் பரவிக் கிடக்கும் பை எலக்ட்ரான்களும் இரும்பின் டி ஆர்பிட்டால்களும் மேல்பொருந்துகின்றன.

ஜெஃப்ரி வில்கின்சனுக்கு ஆக்டினைடுகள் அந்நியமில்லை. போர்க்காலத்தில் கனடாவின் அணுசக்தித் திட்டத்தில் இருந்தவர். 1946 முதல் நான்கு ஆண்டுகள் பெர்க்லியில் சீபோர்க்கிடம் ஐசோடோப்புகளைத் தேடியவர். அப்படிப்பட்டவர் ஐந்து மூலை வளையத்தை யுரேனியத்தில் போட்டுப் பார்க்காமல் இருப்பாரா? ரெனால்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1956இல் ஒரு சேர்மத்தை வெளியிட்டார்: மூன்று சைக்ளோபென்டாடையீனைல் வளையங்கள், ஒரு குளோரின், நடுவில் யுரேனியம். கார்பன் வளையத்தோடு யுரேனியம் சேர்ந்து நிலைத்து நின்ற முதல் சேர்மம் அது. மூன்று வளையங்கள் இடத்தை அடைத்துக்கொண்டதால் மற்றது தாவி வர வழியில்லை. பிற்காலத்தில், எழுபதுகளில், அந்தக் குளோரினை எடுத்துவிட்டு அங்கே கரிமத் தொகுதியை நேராக ஒட்டவைத்து, கில்மனின் பழைய கனவை டோபின் மார்க்ஸ் போன்றவர்கள் நனவாக்கியதும் இந்த வளையங்களின் தயவால்தான்.

ஆனால் 5எஃப் பற்றிய கேள்விக்கு ஐந்து மூலை வளையத்தால் பதில் தர முடியவில்லை. அதற்கு எட்டு மூலை வளையம் வேண்டியிருந்தது.

எட்டு மூலை வளையத்தின் பூர்வீகம் மாதுளை மரப்பட்டை. பட்டையில் இருக்கும் ஸூடோபெல்லட்டியரின் என்ற ஆல்கலாய்டில் எட்டு கார்பன் வளையம் மறைந்திருக்கிறது. அதைப் படிப்படியாகச் செதுக்கி 1911இல் சைக்ளோஆக்டாடெட்ராயீனைத் தயாரித்தார் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர். பென்சீனைப் போலவே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருகிற வளையம். ஆனால் பென்சீனின் நிதானம் இல்லை, சாதாரண இரட்டைப் பிணைப்புச் சேர்மங்களைப் போல எதனோடும் வினைபுரிந்தது. இவர் தயாரித்தது வேறு எதையோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1940இல் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே, நிக்கல் வினையூக்கியை வைத்து அசெட்டிலீனிலிருந்து ஒரே படியில் அதைக் கொட்டிக் குவித்தார். போர் முடிந்தபின் அமெரிக்காவில் ஆர்தர் கோப் மாதுளைப்பட்டை வழியில் மறுபடி நடந்து பார்த்து, வில்ஸ்டாட்டர் சொன்னது சரியே என்று நிறுவினார். வில்ஸ்டாட்டர் அதைக் கேட்க இல்லை. யூத வெறுப்பைக் கண்டித்து 1924இல் மியூனிக் பேராசிரியர் பதவியை உதறியவர், 1939இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி, 1942இல் அங்கேயே இறந்துபோனார்.

பென்சீனுக்கு இருக்கும் நிதானம் இந்த வளையத்துக்கு ஏன் இல்லை? ஹ்யூக்கெல் 1931இலேயே காரணம் சொல்லியிருந்தார். தட்டையான வளையத்தில் 6 அல்லது 10 பை எலக்ட்ரான்கள் இருந்தால் அரோமேட்டிக் தன்மை. 8 இருந்தால் இல்லை. எட்டு எலக்ட்ரான்களோடு இந்த வளையம் தட்டையாக இருக்கப் பிடிக்காமல் தொட்டி வடிவில் வளைந்துகொள்கிறது. பொட்டாசியத்தைச் சேர்த்து இரண்டு எலக்ட்ரான்களை ஊட்டினால் பத்தாகிவிடும், வளையம் தட்டையாகிவிடும். 1960இல் தாமஸ் காட்ஸ் இதைச் செய்து காட்டினார். இரட்டை எதிர்மின் சுமை ஏந்திய, தட்டையான எட்டு மூலை வளையம் வேதியியலாளர்களின் கைக்கு வந்தது.

இதில் யுரேனியத்துக்கு என்ன வேலை என்று பார்க்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்த இதழின் உயிர்நாடி இதுதான்.

வளையத்தின் பத்து எலக்ட்ரான்களும் மூன்று படிகளில் அமர்கின்றன. முதல் படியில் 2. வளையம் முழுக்க எலக்ட்ரான் அலையின் குறி ஒன்றே. இரண்டாம் படியில் 4. வளையத்தின் ஒரு பாதி பிளஸ், மறு பாதி மைனஸ். மூன்றாம் படியில் 4. வளையம் நான்கு கால்பகுதிகளாகி, பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ் என்று மாறிமாறி வரும். ஐந்து மூலை வளையத்தில் மொத்தமே 6 எலக்ட்ரான்கள் என்பதால் மூன்றாம் படி அங்கே காலி. எட்டு மூலை வளையத்தில்தான் அது நிறைந்திருக்கிறது.

மூன்றாம் படி எலக்ட்ரான்களோடு பிணைய, உலோகத்தின் ஆர்பிட்டாலும் நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்திருக்க வேண்டும். சாண்ட்விச்சில் வளையங்கள் இரண்டு. உலோகத்தை நோக்கியிருக்கும் முகங்களில், மேல் வளையத்தின் பிளஸுக்கு நேர் கீழே கீழ் வளையத்தின் பிளஸ் வந்தால் டி ஆர்பிட்டால் ஒன்று அங்கே கச்சிதமாகப் பொருந்தும். மேல் வளையத்தின் பிளஸுக்கு நேர் கீழே மைனஸ் வந்தால்? எந்த டி ஆர்பிட்டாலும் பொருந்தாது. மேலே நான்கும் கீழே நான்குமாக எட்டு மடல்கள், மேல் மடலுக்கு எதிர்க்குறியில் கீழ் மடல் என்று அமைந்த ஆர்பிட்டால் எஃப் வகையில்தான் உண்டு. ஆகவே எட்டு மூலை வளையங்கள் இரண்டுக்கு நடுவே யுரேனியத்தை வைத்தால், 5எஃப் பிணைப்பில் சேருகிறதா இல்லையா என்பதைச் சோதிக்கத் தனியாக ஒரு வாசல் திறந்துவிடும்.

1963இல் ஜெர்மனியில் ஆர். டி. ஃபிஷர் இப்படி ஒரு சேர்மம் சாத்தியம் என்று எழுதினார். (ஃபெர்ரோசீன் ஃபிஷர் வேறு, இவர் வேறு.) செய்து முடித்தது பெர்க்லியில் ஆண்ட்ரூ ஸ்ட்ரைட்வீசர். யுரேனியத்தோடு முன்பின் பழக்கமில்லாத கரிம வேதியியலாளர். கரிம வேதியியலாளர்களுக்கு மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையைக் கற்றுத்தந்த பாடநூலை 1961இல் எழுதியவர். ஆக்டினைடு நிபுணர்கள் உப்புகளையும் கரைசல்களையும் பார்த்தே பழகியிருந்தார்கள். வளையங்களின் சமச்சீரில் ஊறிய ஒருவருக்குத்தான் இந்த வாசல் கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்துக் குன்றின்மேல் கதிர்வீச்சு ஆய்வகம் இருந்ததும் உதவியிருக்கும்.

ஸ்ட்ரைட்வீசரும் உல்ரிச் மியூலர்-வெஸ்டர்ஹாஃபும் 1968இல் வெளியிட்ட செய்முறை ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். டெட்ராஹைட்ரோஃபியூரானில் சைக்ளோஆக்டாடெட்ராயீனைப் பொட்டாசியத்தோடு வினைபுரிய விடு. குளிர்ந்த நிலையில் யுரேனியம் டெட்ராகுளோரைடைச் சேர். காற்றை மட்டும் அண்டவிடாதே. பச்சைப் படிகங்கள் வந்தன. யுரேனோசீன் என்று பெயரிட்டார்கள். காற்றில் எடுத்தால் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். வெற்றிடத்தில் 180 டிகிரிக்குச் சூடாக்கினால் சிதையாமல் பதங்கமாகும். கார்பனோடு சேர்ந்து ஆவியாகும் யுரேனியச் சேர்மத்தைத் தேடி ஒரு போர்க்காலமே அலைந்தது. கிடைத்தபோது யாருக்கும் அது தேவைப்படவில்லை.

வேதியியலாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்த சங்கதி வேறு. யுரேனோசீன் தண்ணீரில் அசையவில்லை. அசெட்டிக் அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கும்கூட மசியவில்லை. பொட்டாசியத்தோடு இருக்கும் அதே வளையம் தண்ணீரைக் கண்டால் ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு உடனே சிதறிவிடும். நேர்மின் உலோகமும் எதிர்மின் வளையமும் வெறும் மின் ஈர்ப்பால் மட்டும் ஒட்டியிருந்தால் யுரேனோசீனுக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும். நேரவில்லை என்றால் உள்ளே எலக்ட்ரான் பகிர்வு இருக்கிறது. அந்தத் துணிச்சலில், எஃப் ஆர்பிட்டால்களைப் பயன்படுத்தும் புதுவகைச் சாண்ட்விச் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

மறு ஆண்டு ஆலன் ஜால்கினும் கென்னத் ரேமண்டும் எக்ஸ் கதிரால் அமைப்பைப் பார்த்தார்கள். இரண்டு வளையங்களும் தட்டை, ஒன்றுக்கொன்று இணை. மேல் கார்பனுக்கு நேர் கீழே கீழ்க் கார்பன். யுரேனியத்திலிருந்து பதினாறு கார்பன்களும் ஒரே தூரத்தில், ஏறக்குறைய 2.65 ஆங்ஸ்ட்ராம். ஸ்ட்ரைட்வீசர் காகிதத்தில் வரைந்திருந்தது அப்படியே படிகத்தில் இருந்தது.

இங்கே கதை முடிந்திருந்தால் பாடநூலுக்கு வசதியாக இருந்திருக்கும். அதே 1969இல் ஸ்ட்ரைட்வீசரின் ஆய்வகத்திலிருந்தே தோரோசீன் வந்தது. மஞ்சள் நிறம், அதே சாண்ட்விச், நடுவில் தோரியம். நான்கு எலக்ட்ரான்களை இழந்த தோரியத்தில் 5எஃப் எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. காலியான எஃப் ஆர்பிட்டால் வளையத்தின் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளலாம் என்று வாதாடலாம்தான். ஆனால் தோரியத்தில் எஃப் ஆர்பிட்டால்கள் ஆற்றலில் உயரத்தில் இருப்பவை. எஃப் இல்லாமலும் சாண்ட்விச் நிற்குமென்றால், யுரேனோசீன் நிற்பதற்கு எஃப்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

ரேமண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். தோரோசீனில் தோரியம்–கார்பன் தூரம் 2.70 ஆங்ஸ்ட்ராம், யுரேனோசீனைவிட 0.05 அதிகம். தோரியம் அயனியின் ஆரமும் யுரேனியம் அயனியின் ஆரத்தைவிட ஏறக்குறைய அவ்வளவுதான் அதிகம். இப்படி ஆக்டினைடு, லாந்தனைடு சேர்மங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, 1980இல் ஐகன்பிராட்டோடு எழுதிய கட்டுரையில், பிணைப்பு நீளங்களை அயனி ஆரங்களைக் கூட்டியே சொல்லிவிட முடிகிறது, எனவே இவற்றில் பிணைப்பு பெரும்பாலும் அயனித் தன்மையுடையது என்றார். யுரேனோசீனின் வடிவத்தை உலகுக்குக் காட்டியவரே, அதே பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, அதன் தலைப்புக்கு எதிர்ச்சாட்சி சொன்னார். இரண்டு பேரும் நேர்மையாகத் தங்கள் எண்களை வைத்தே பேசினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த கட்டம் இது. ஸ்ட்ரைட்வீசர் பக்கத்திலும் சாட்சிகள் இருந்தன. லாந்தனைடுகளை வைத்துச் செய்த அதே வகைச் சேர்மங்கள் தண்ணீர் பட்டதும் சிதைந்தன. யுரேனோசீன் சிதையவில்லை.

பிணைப்பின் நீளம் அணுக்களின் பருமனைச் சொல்லும். எலக்ட்ரான்கள் எந்த ஆர்பிட்டாலில் எவ்வளவு நேரம் கழிக்கின்றன என்பதை அது சொல்லாது. அதைக் கேட்க வேறு கருவி வேண்டும். கணக்கிடவும் வேறு முறை வேண்டும். யுரேனியம் போன்ற கனத்த அணுவில் அணுக்கருவை ஒட்டிய எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகின்றன. ஐன்ஸ்டைனை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை தப்பு. சார்பியல் விளைவால் உள் எலக்ட்ரான் மேகங்கள் கருவை நோக்கிச் சுருங்குகின்றன. சுருங்கியவை கருவை இன்னும் நன்றாக மறைப்பதால் டி, எஃப் மேகங்கள் வெளியே விரிகின்றன. 5எஃப், 4எஃப்பைவிட வெளியே எட்டிப் பார்ப்பதில் இதற்கும் பங்கு உண்டு. 1983இல் நோட்கர் ரோஷும் ஸ்ட்ரைட்வீசரும் சார்பியலைச் சேர்த்துப் போட்ட கணக்கில், வளையத்தோடு பிணைவதில் 5எஃப்புக்கும் பங்கு இருந்தது, 6டிக்கும் பங்கு இருந்தது. அடுத்து வந்த கணக்குகளில் 6டியின் பங்கே பெரிதாக நின்றது. தோரோசீன் ஏன் நிற்கிறது என்பதற்கும் இதுவே விடை: எஃப் கைகொடுக்காவிட்டாலும் டி தாங்கிக்கொள்ளும்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நேரில் பார்த்தது யார்? ஆக்ஸ்ஃபோர்டின் ஜெனிஃபர் கிரீன், பிரென்னன், ரெட்ஃபெர்ன் ஆகியோருடன் 1989இல். ஆவியாக்கிய யுரேனோசீன் மீது சின்க்ரோட்ரான் ஒளியைப் பாய்ச்சி, வெளியே தெறிக்கும் எலக்ட்ரான்களை எண்ணினார்கள். ஒளியின் ஆற்றலைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால், யுரேனியத்தின் 5டி எலக்ட்ரான்கள் 5எஃப்புக்கு எழும்பும் கட்டம் ஒன்று வரும். அங்கே எஃப் தன்மை கொண்ட எலக்ட்ரான்கள் மட்டும் திடீரென்று அதிகமாகத் தெறிக்கும். யுரேனியத்திலேயே இருக்கும் இரண்டு 5எஃப் எலக்ட்ரான்கள் அப்படிச் செய்தன, அது எதிர்பார்த்ததே. கூடவே, வளையத்துக்குச் சொந்தமானவை என்று கருதப்பட்ட மூன்றாம் படி எலக்ட்ரான்களில் ஒரு பகுதியும் அதேபோலத் துள்ளியது. எதிர்க்குறி கொண்ட அந்தப் பகுதிதான். எந்த டியும் நுழைய முடியாத வாசல். வளையத்தின் எலக்ட்ரான்களில் எஃப் வாசனை இருந்தது.

ஆக 1968இன் தலைப்பு பொய்யில்லை. ஆனால் சாண்ட்விச்சைத் தூக்கி நிறுத்தும் பெரிய தோள் 6டி, எஃப் கூடவே கொடுக்கும் கை. வெறும் அயனிப் பிணைப்பு என்று சொல்லவும் இனி வழியில்லை. அதற்குள் நெப்டியூனியம், புளுட்டோனியம் (இரண்டும் 1970), புரோட்டாக்டினியம் (1974) என்று இந்தச் சாண்ட்விச் குடும்பம் வளர்ந்திருந்தது. 2025இல் பெர்க்லியிலேயே, 0.3 மில்லிகிராம் பெர்க்கிலியத்தை வைத்துக்கொண்டு பெர்க்கிலோசீனையும் செய்துவிட்டார்கள்.

இந்த வளையங்களையெல்லாம் விட எளிமையான ஒரு புதிர் இவற்றுக்கு முன்பிருந்தே காத்துக்கொண்டிருந்தது. யுரேனியம், இரண்டு ஆக்சிஜன்: யுரேனைல் அயனி. மஞ்சள் கண்ணாடியை ஒளிரவைப்பது அது. பெக்கரலின் புகைப்படத் தகட்டைக் கறுக்க வைத்த உப்பில் இருந்ததும் அதுவே. மாலிப்டினத்தில் இரண்டு ஆக்சிஜன்கள் வளைந்து நிற்கும்போது, யுரேனியத்தில் ஏன் அவை எப்போதும் ஒரே நேர்கோட்டில் எதிரும் புதிருமாக நிற்கின்றன? 1980இல் தட்சுமியும் ரோல்டு ஹாஃப்மனும் இதற்குச் சொன்ன விடையில், நாம் இதுவரை கணக்கிலேயே சேர்க்காத 6பி எலக்ட்ரான்கள் மேடைக்கு வருகின்றன. அடுத்த இதழில் அவர்கள்.

(தொடரும்)